மின்னோட்டத்துக்குத் தாங்கியா, கயிறா?

மின்னோட்டம் படிப்பிக்க எல்லாரும் முதலில் உவமையாக எடுப்பது தண்ணீர்த் தாங்கி. யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு தாங்கி நிற்பதால் அழுத்த வேறுபாடு பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கும். சிக்கல் பிறகுதான். தாங்கித் தண்ணீர் இறங்கித் தீர்ந்துபோகும். அதனால் மின்குமிழும் ஓட்டத்தைக் குடித்துத் தீர்க்கிறது என்றே நினைப்பார்கள். குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும், வயரை வெட்டினால் ஓட்டம் நிற்கும். இதையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும்.

கயிறு இதற்குத் திறம். 4 மில்லிமீற்றர் நைலோன் கயிறு, 10 மீற்றர். நுனிகளைச் சேர்த்து ரேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். முடிச்சுப் போட்டால் விரலுக்கு விரல் தடக்கும். கிணற்றுத் தும்புக்கயிறு வேண்டவே வேண்டாம், உள்ளங்கை உரிஞ்சுபோம். 10 பிள்ளைகள் வட்டமாக நின்று, விரலை வளைத்துத் தளர்வாகத் தாங்கட்டும். ஒருவர் மின்கலம்: ஒரு கையால் இழுத்து மற்றக் கையால் விடுவார். எதிரே நிற்பவர் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பார். அவர் மின்குமிழ், கை சுடும். "உனக்கு வரமுதலும் வந்தபிறகும் கயிறு ஒரே வேகமா?" என்று அவரையே கேளுங்கள். கயிறு குறையவில்லை, சூடு மட்டும் அங்கே வந்தது.

1 சதுர மில்லிமீற்றர் செப்புக்கம்பியில் 1 அம்பியர் ஓடும்போது இலத்திரன்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 0.07 மில்லிமீற்றர்தான் நகரும். ஆளியைப் போட்டதும் குமிழ் எரிவது எப்படி? இழுத்ததும் கயிறு முழுக்க அசைகிறதே, அப்படித்தான்.

ஓட்டம் கிளை பிரிந்து போகும் சமாந்தரச் சுற்றுக்குக் கயிறு உதவாது, அது கிளை பிரியாது. அங்கே திரும்பக் குழாய்தான்.