பழைய சிடி ஓடவில்லையா? குப்பையில் போடும் முன் ஒரு நிமிடம்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல வீடுகளில் டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் இன்னும் ஒரு டிவிடி பிளேயர் துணி போர்த்திக் கிடக்கிறது. பக்கத்தில் ஒரு பையில் நாற்பது, ஐம்பது சிடி. சிவாஜி, எம்.ஜி.ஆர். படங்கள், ஓசூர்ப் பக்கமென்றால் ராஜ்குமாரின் கன்னடப் படங்கள், என்.டி.ஆரின் தெலுங்குப் புராணங்கள், ராமாயணம், மகாபாரதம் தொடர்கள், கூடவே மகள் கல்யாண டிவிடி. போட்டால் "நோ டிஸ்க்" என்று வரும், இல்லை முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். உடனே "சிடி போயிடுச்சு" என்று தீர்ப்பு. பாதிக்கு மேல் அந்தத் தீர்ப்பு தப்பு. குறை பிளேயரின் லென்ஸில் இருக்கும், செட்டிங்கில் இருக்கும், மஞ்சள் ஒயரில் இருக்கும்.

முதலில் கையில் இருப்பது என்ன என்று பாருங்கள். அடிப்பக்கத்தைத் திருப்பினால் சுத்த வெள்ளியாக மின்னுவது கம்பெனியில் அச்சடித்தது. ஊதாவோ பச்சையோ நீலமோ சாயல் தெரிந்தால் அது எழுதும் டிஸ்க், அதாவது கடையில் 'ரைட்' பண்ணியது. அச்சடித்தது முப்பது வருடம் தாங்கும். எழுதியதில் இருப்பது வெறும் சாயப் பூச்சு, வெயிலிலும் வெக்கையிலும் வெளுத்துவிடும். கல்யாணம், காதுகுத்து டிவிடி எல்லாம் இந்த ரகம்தான். மேலே ஜோடிப் படம் போட்ட காகித ஸ்டிக்கர் வேறு ஒட்டியிருப்பார்கள். அந்தக் காகிதம் ஒரு ஓரம் உரிந்தால் தட்டு சுழலும்போது ஆட்டம் காணும், லென்ஸ் தடம் தவறும்.

அடுத்தது விசிடியா, டிவிடியா. விசிடியின் படம் 352க்கு 288 புள்ளிதான். ஒரு தட்டில் 74 முதல் 80 நிமிடம், அதனால்தான் ஒரு படம் இரண்டு, மூன்று தட்டாக வந்தது. டிவிடி 720க்கு 576, கிட்டத்தட்ட நான்கு மடங்கு. 43 இஞ்ச் டிவியில் விசிடி மங்கலாகத் தெரிவது பழுதில்லை, அதன் லட்சணமே அவ்வளவுதான். உட்காரும் இடத்தை நாலடி பின்னுக்குத் தள்ளினால் பாதிக் குறை போய்விடும்.

2007இல் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கிய பிறகுதான் சின்ன ஊர்களிலும் அசல் டிஸ்க் புழங்க ஆரம்பித்தது. பழைய படம் தேடுபவர்களுக்கு அந்தக் காலத்துச் சரக்குதான் இப்போது சந்தைகளில் அகப்படுகிறது. போச்சம்பள்ளி ஞாயிறு சந்தை மாதிரி இடத்தில் தார்ப்பாயில் பரப்பிய பழைய சாமான்களுக்கு நடுவே பார்த்தால், 'மூன்று படம் ஒரே டிவிடி'யை மட்டும் யோசித்து எடுங்கள். கணக்கு எளிது. 4.7 ஜிபி தட்டில் இரண்டு மணி நேரப் படம் ஒன்று போட்டால் படத்துக்கு வினாடிக்கு 5 மெகாபிட்டுக்குக் கொஞ்சம் மேல் தகவல் கிடைக்கும். இரண்டரை மணி நேரப் படம் மூன்றைத் திணித்தால் 1.4 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். சண்டைக் காட்சியிலும் மழைக் காட்சியிலும் படம் கட்டம் கட்டமாகப் போவது அதனால்தான். அதைத் துடைத்துப் பயனில்லை.

துடைப்பது பற்றி நம் ஊருக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் குவாரி, பாலிஷ் பட்டறைத் தூள் வீட்டுக்குள் வந்து படிகிறது. அதில் குவார்ட்ஸ் என்ற கடினமான கல்துகள் இருக்கிறது. டிஸ்க்கின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் அதற்கு முன் மெழுகு. சட்டை நுனியால் உலர்வாகத் தேய்த்தால் தூசு போகாது, நூறு கீறல் விழும். குழாய்த் தண்ணீரில் காட்டித் தூசை முதலில் ஓட விடுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விரல் நுனியில் எடுத்து, நடு ஓட்டையிலிருந்து ஓரத்தை நோக்கி நேர்கோட்டில் தடவுங்கள். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. தகவல் வட்டத் தடத்தில் ஓடுகிறது. தடத்தை வெட்டிக்கொண்டு போகும் கீறலை, விடுபட்ட தகவலைக் கணக்கிட்டு நிரப்பும் பிளேயரின் பிழைதிருத்தம் தாண்டிவிடும், தடத்தோடு சேர்ந்து ஓடும் கீறலை அதனால் சமாளிக்க முடியாது. கழுவி, பழைய பருத்தி வேட்டித் துணியில் ஒற்றி எடுத்தால் போதும். எண்ணெய்ப் பிசுக்குக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஆகும். தின்னர், பெட்ரோல், நகப்பாலிஷ் கழுவும் திரவம் பக்கத்திலேயே வரக் கூடாது, பிளாஸ்டிக் வெளுத்துப்போகும்.

கீறல் அடியில் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை, மேலே இருந்தால்தான் பயம். சிடியிலும் விசிடியிலும் தகவல் அடுக்கு லேபிளுக்குக் கொஞ்சம் கீழே, மெல்லிய அரக்குப் பூச்சு மட்டும் மூடியிருக்கும். மேல்பக்கம் ஆணி பட்டால் தகவலே உதிர்ந்துவிடும். விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ஊசித் துளையாக ஒளி தெரியும். அந்த இடம் திரும்பாது. டிவிடியில் 0.6 மி.மீ. தகடு இரண்டை ஒட்டி நடுவில் தகவலை வைத்திருக்கிறார்கள், மேல் கீறலால் அவ்வளவு சேதமில்லை.

விசிடி கொஞ்சம் கீறினாலும் உடைவதற்கு இன்னொரு காரணம் உண்டு. கூடுதல் இடம் கிடைக்கட்டும் என்று, கணினி சிடியில் இருக்கும் இரண்டாம் அடுக்குப் பிழைதிருத்தத்தை விசிடியில் விட்டுவிட்டார்கள். அதனால் பாட்டு சிடி போலத்தான், ஒரு எல்லைக்கு மேல் சமாளிக்காது.

தட்டு சுத்தமாக இருந்தும் ஓடவில்லையென்றால் பிளேயர் பக்கம் வருவோம். இதில்தான் மெக்கானிக்குகள் "மெயின் போர்டு போச்சு" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அதற்கு முன் அறிகுறியைக் கவனியுங்கள். விசிடி ஓடுகிறது, டிவிடி ஓடவில்லை என்றால் போர்டில் பழுதில்லை. தட்டைப் படிக்கும் லேசர், லென்ஸ் அடங்கிய பகுதிக்கு பிக்கப் என்று பெயர். அதற்குள் சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் என்று இரண்டு லேசர் தனித்தனியாக இருக்கின்றன, அதில் ஒன்று தளர்ந்துவிட்டது. இரண்டுமே ஓடவில்லை, தட்டு சுழலவே இல்லை என்றால் லென்ஸில் தூசு, அல்லது அதற்குப் போகும் பட்டை ஒயர் விலகியிருக்கும். ட்ரே பாதியில் நின்று உள்ளே வெளியே ஆட்டம் காட்டினால் ட்ரேயின் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். அதைக் கழற்றி வெந்நீரில் போட்டால் கொஞ்ச நாள் இறுகும், பிறகு புதுசுதான்.

மூடியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் விடுங்கள். பவர் போர்டில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசி தேங்கியிருக்கும், விரல் வைத்தால் தூக்கி அடிக்கும். உள்ளே பல்லி முட்டையும் எறும்புப் புற்றும் இருந்தால் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். லென்ஸ் நீல நிறக் கண்மணி மாதிரி ட்ரே நடுவே தெரியும். காது குடையும் பட்ஸில் ஐசோபுரொப்பைல் ஒரு சொட்டு, பிழிந்த பிறகு, மேலிருந்து மெதுவாக இரண்டு சுற்று. அழுத்தக் கூடாது, லென்ஸ் நிற்பது முடி மாதிரி மெல்லிய நாலு கம்பியில். தேங்காய் எண்ணெய் போடும் வைத்தியம் வேண்டாம். பவர் இருக்கும்போது லேசருக்கு நேரே கண்ணை வைக்காதீர்கள்.

துடைத்தும் பிடிக்கவில்லையென்றால் பிக்கப் மாற்ற வேண்டியதுதான். சாதாரண பிளேயர்களில் பெரும்பாலும் சோனி கேஹெச்எம்-313 அல்லது சான்யோ ஹெச்டி-62 ரகம் இருக்கும், எண் அடியில் ஒட்டியிருக்கும். உள்ளூரில் கிடைக்காவிட்டால் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். புது பிக்கப்பில் ஒரு சின்ன ஈயப் பொட்டு இரண்டு புள்ளியை இணைத்திருக்கும், நிலைமின்சாரம் லேசரைக் கருக்காமல் இருக்க வைத்தது. பட்டை ஒயரைச் செருகிய பிறகு அதை சோல்டரிங் அயர்னால் எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்து "புது பிக்கப்பும் டூப்ளிகேட்" என்று திருப்பிக் கொடுப்பவர்கள் நிறைய.

பிளேயர் தானாக அணைந்து அணைந்து எரிகிறதா? பவர் போர்டின் 5 வோல்ட் பக்கம் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரின் தலை உப்பியிருக்கும். 16 வோல்ட், 105 டிகிரி என்று கேட்டு வாங்கி, மைனஸ் கோடு பார்த்து மாற்றுங்கள். செலவு ஒரு டீக்காசு.

படம் ஒரே இடத்தில் சிக்குகிறதென்றால் எந்த இடம் என்பது முக்கியம். தட்டு உள்ளிருந்து வெளியே ஓடும். ஆகவே கிளைமாக்ஸில் சிக்கினால் வெளி ஓரத்தில் கைரேகை இருக்கிறது என்று பொருள். 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிவிடி மட்டும் வெளி ஓரம் போய்த் திரும்பி உள்ளே வரும். அதில் நடுப்படத்தில்தான் ஓரம் வரும். அடுக்கு மாறும்போது ஒரு கணம் நின்று ஓடுவது இயல்பு, அதற்காகத் துடைக்க வேண்டாம்.

டிவி பக்கத்துத் தொல்லை வேறு ரகம். புது டிவிகளில் மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள் போய் ஒரே 3.5 மி.மீ. துளை வந்துவிட்டது. கடையில் விற்கும் ஒயரில் வளையங்களின் வரிசை ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மாதிரி. படம் வராமல் 'ங்ங்' என்று இரைந்தால் பிளேயரின் மஞ்சள் துளையில் சிவப்பு முனையையோ வெள்ளை முனையையோ மாற்றிச் செருகிப் பாருங்கள். அப்படியும் வரவில்லையென்றால் எர்த் வளையமே இடம் மாறியிருக்கிறது, டிவியோடு வந்த ஒயர்தான் வேண்டும். கருப்பு வெள்ளையாக வந்தால் அது என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை) டிஸ்க்காக இருக்கலாம், பிளேயர் செட்டப்பில் டிவி சிஸ்டத்தை 'மல்டி' அல்லது 'ஆட்டோ' ஆக்குங்கள்.

அடுத்தது படத்தின் அகலம். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ராஜராஜ சோழன். அதற்கு முந்திய தமிழ்ப் படம் எதுவும் அந்த அகலத் திரைக்கு எடுத்ததில்லை. 1960களின் படம் உங்கள் டிவியில் முழுத் திரையையும் அடைத்து நின்றால், ஒன்று நடிகர்கள் குண்டாக இழுபட்டிருப்பார்கள், இல்லை தலையும் காலும் வெட்டுப்பட்டிருக்கும். டிவி ரிமோட்டில் 4:3 வையுங்கள். இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை வரும், வரட்டும். பிளேயர் செட்டப்பில் மட்டும் 16:9 இருக்கட்டும். அங்கே '4:3 பிஎஸ்' என்று இருந்தால் பிற்கால ஸ்கோப் படங்களின் பக்கவாட்டை அறுத்துவிடும்.

வசனம் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டு, பாட்டு மட்டும் அலறுகிறதா? உறையில் '5.1' என்று போட்ட டிவிடிகளில் வசனம் நடு ஸ்பீக்கருக்குப் போகிறது, டிவியில் அது இல்லை. ஆடியோ பொத்தானை அழுத்தி 2.0 (இரண்டு ஸ்பீக்கர்) தடத்துக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் செட்டப்பில் டவுன்மிக்ஸை 'ஸ்டீரியோ' ஆக்குங்கள். பழைய படங்கள் ஒற்றைத் தடத்தில் பதிவானவை, 5.1 என்பது பிற்பாடு பிரித்து ஒட்டியது. என் காதுக்கு அது பிடிப்பதில்லை.

பாட்டுப் பிரியர்களுக்கு ஒன்று. சினிமா வினாடிக்கு 24 ஃப்ரேம், நம் நாட்டு டிவி முறையான பால் (PAL) 25. பால் டிஸ்க்கில் படம் நான்கு சதவீதம் வேகமாக ஓடும். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்தால் வெட்டிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். பாட்டின் சுருதியும் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருக்கும், கூடவே ஆர்மோனியம் வாசித்துப் பார்ப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

விசிடி ஆரம்ப விளம்பரத்திலேயே நின்றால் ரிமோட்டில் பிபிசி (PBC, விசிடியின் மெனுவை இயக்குவது) பொத்தானை அணைத்துவிட்டு இரண்டாம் டிராக்கைப் போடுங்கள்.

எழுதும் டிஸ்க்கில் இருக்கும் குடும்ப வீடியோவை மட்டும் இந்த வருடமே கணினிக்கு மாற்றிவிடுங்கள். டிவிடியென்றால் 'விடியோ_டிஎஸ்' கோப்புறையை முழுதாக எடுக்க வேண்டும். உள்ளே ஒவ்வொன்றும் சுமார் 1 ஜிபி என்று விஓபி கோப்புகள் துண்டு துண்டாக இருக்கும், ஒன்றை விட்டாலும் நடுவில் தாலி கட்டும் இடம் போய்விடும். விசிடியென்றால் 'எம்பெக்ஏவி' கோப்புறையில் உள்ள டாட் (.DAT) கோப்பு. விஎல்சி என்ற இலவச நிரலில் அப்படியே ஓடும். காப்பி பாதியில் நின்றால் அதே டிரைவில் திரும்பத் திரும்ப முயலாமல் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள், ஒரு லேசர் படிக்காததை இன்னொன்று படிக்கும். டிவிடிக்கு டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல் இருக்கிறது. முதல் டிரைவில் கிடைத்ததைக் குறித்து வைத்துக்கொண்டு, விட்ட இடங்களை மட்டும் இரண்டாவது டிரைவில் தேடும். எடுத்த பிறகு பென்டிரைவ் ஒன்று, ஹார்டு டிஸ்க் ஒன்று என்று இரண்டு இடத்தில் வையுங்கள். தட்டுகளைக் கூரை ஓட்டுக்கடியில் பரணில் போடாமல், உறையோடு செங்குத்தாகப் பீரோவில் நிறுத்துங்கள்.