குளிரல ஆசானே

மூணாறுக்கு மேலே ஓர் அணையில் சல்லடைக் கம்பி பார்க்கப் போன அந்தத் தை மாதம்தான் நான் முதன்முதலாகக் குளிர்ந்த தண்ணீரில் வேலை செய்தேன். அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் கடல். ஊர் கொல்லங்கோட்டுக்குப் பக்கம், நீரோடி தாண்டினால் கேரளம். தாத்தா சிப்பி எடுக்கிறவர். சிலிண்டர் கிடையாது, உடுப்பு கிடையாது, ஒரு கண்ணாடி, ஒரு உளி, இடுப்பில் வலைப்பை, அவ்வளவுதான். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அடித்தண்ணீர் மேலேறி வந்து எங்கள் கரையோரக் கடலே சில டிகிரி குளிர்ந்துபோகும். அந்த நாட்களில் அவர் கொஞ்ச நேரம் முங்கி எடுத்துவிட்டு, வெயில் கண்ட பாறையில் ஏறிக் குத்தவைத்துவிடுவார். ஓணான் மாதிரி என்று நாங்கள் சிரிப்போம்.

அணையில் வேலை என்னவென்றால், மின்நிலையத்துக்குத் தண்ணீர் போகும் வாயில் இருக்கிற கம்பிச் சல்லடையில் கட்டையும் குப்பையும் அடைத்திருக்கிறதா, போல்ட்டு தளர்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு வர வேண்டும். ஆழம் 12 மீட்டர். குழுவில் மூத்தவரை ஆசான் என்போம், அவர் மேலே மிதவையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருப்பார். கயிற்றில் அவர் ஒரு இழு இழுத்தால் ‘சரியா?’ என்று அர்த்தம், நான் ஒரு இழு இழுத்தால் ‘சரி’. நான் நாலு இழு இழுத்தால் என்னை மேலே தூக்கு.

ஆழமும் நேரமும் பார்க்கக் கையில் கட்டியிருந்த முங்குக் கம்ப்யூட்டர் 17 டிகிரி காட்டியது. 17 எல்லாம் ஒரு குளிரா? ஐஸ்லாந்தில் சில்ஃப்ரா என்றொரு பாறைப் பிளவு, வருஷம் முழுக்கத் தண்ணீர் 2 முதல் 4 டிகிரி, அதில் சுற்றுலா வந்தவர்கள் காசு கொடுத்து இறங்குகிறார்கள். ஆனால் அவர்கள் போடுவது உடம்பே நனையாத டிரை சூட். நான் போட்டிருந்தது 3 மில்லிமீட்டர் வெட் சூட், அதுவும் ஸ்டோரில் கிடந்தது, என்னைவிட ஒரு சுற்றுப் பெருத்த யாரோ போட்டுக் கழித்தது. காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும் என்று பயிற்சியில் எழுதி மார்க் வாங்கியவன்தான் நான். தொளதொளவென்று அதை மாட்டிக்கொண்டு, தலைக்கு ஒன்றும் போடாமல் குதித்தேன்.

வெட் சூட் தண்ணீரைத் தடுக்கிற உடுப்பு இல்லை. உள்ளே கொஞ்சம் தண்ணீர் வரும், அதை உடம்பு சூடாக்கிக்கொள்ளும், அந்தச் சூடு வெளியே போகாமல் ரப்பருக்குள் இருக்கிற வாயுக் குமிழிகள் காப்பாற்றும். தொளதொளப்பாக இருந்தால் கையை அசைக்கும்போதெல்லாம் பழைய தண்ணீர் போய்ப் புதுத் தண்ணீர் வரும், முதுகில் யாரோ சொம்பு சொம்பாக ஊற்றுகிற மாதிரி. போதாததற்கு, ஆழம் போகப் போகக் குமிழிகள் நசுங்கும். கடலில் 10 மீட்டரிலேயே பாதியாகிவிடும், காற்று அடர்த்தி குறைந்த மலையில் இன்னும் கொஞ்சம் மோசம். எங்கே குளிர் அதிகமோ அங்கே உடுப்பு மெலிந்துபோகிறது.

ஆசான் இழுத்துக் கேட்டார். சரி என்றேன். மறுபடி கேட்டார். சரி. சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொடுக்கிற ரெகுலேட்டர் பல்லிடுக்கில் தந்தியடித்துக்கொண்டிருந்தது, ஆனாலும் சரி. குளிரினால் மூச்சு அதிகமாக இழுத்து, 45 நிமிஷம் வரும் காற்று அரைமணியில் தீர்ந்துகொண்டிருந்தது. விரல்கள் என்னுடையவை மாதிரியே இல்லை. கேமரா எப்போது நழுவியது என்றுகூடத் தெரியாது. அதற்கு மூன்று நாள் கூலி போயிற்று, அது வேறு கதை.

மேலே ஏறினதும் தேயிலைச் சரிவிலிருந்து இறங்கி வந்த காற்று, தண்ணீரே பரவாயில்லை என்று சொல்ல வைத்தது. ஈர உடுப்பில் காற்று பட்டால் குளிர் இரட்டிப்பு. மிதவையில் இருந்த ஒருவர் அன்பாக ஒரு கட்டிங் பிராந்தி நீட்டினார். ஆசான் அதைத் தட்டிவிட்டார். சாராயம் தோலுக்கு ரத்தத்தைத் தள்ளும், சூடு மாதிரித் தெரியும், உள்ளே இருக்கிறதும் வெளியே போய்விடும். அப்புறம் என் கையைப் பிடித்து, “கட்டவிரலக் கொண்டு சுண்டுவிரலத் தொடு மக்கா” என்றார். முடியவில்லை.

“குளிருதுன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“குளிரல ஆசானே,” என்றேன். அப்போதும்!

இப்போது எனக்கென்று அளவெடுத்துத் தைத்த 5 மில்லிமீட்டர் உடுப்பு இருக்கிறது. காலில் பிளாஸ்டிக் கவரைப் போட்டுக்கொண்டு, ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டைத் தண்ணீரில் கலந்து தடவினால் இறுக்கமான உடுப்பும் வழுக்கிக்கொண்டு ஏறும். தடித்த ரப்பர் மிதக்கும், அதனால் இடுப்பில் ஈயம் கூட வேண்டும். ஆனால் நன்னீர் என்பதால் கடலுக்குக் கட்டுகிற அளவு வேண்டாம். தலைக்கும் கழுத்துக்கும் ஹூட், கைக்கு உறை. காலையில் கஞ்சி. நிறையத் தண்ணீர், ஏனென்றால் குளிரில் முங்கினால் சிறுநீர் முட்டும், அதைப் பயந்து குடிக்காமல் இருந்தால் உடம்பு வறண்டுபோகும். (முட்டினால் என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கு: உடுப்பைத் துவைப்பது உங்கள் வேலை.) அடுத்த முங்குக்கு முன்னால் ஈரத்தைக் கழற்றிவிட்டுக் கம்பளித் தொப்பி, பால் விடாத கட்டஞ்சாயா. முதல் முங்கின் குளிர் இரண்டாவதில் கூடவே வரும், அதனால் இரண்டாவது எப்போதும் குட்டை.

கீழே கதகதப்பாக இருந்துவிட்டு ஏறும்போது குளிர்ந்துபோவதுதான் ஆபத்து. சூட்டில் ரத்தம் நன்றாக ஓடி, மூச்சுக்காற்றில் இருக்கிற நைட்ரஜனை உடம்பு வாங்கிக்கொள்ளும், குளிரில் திருப்பிக் கொடுக்க மறுக்கும், ஏறும்போது அது உள்ளேயே குமிழியாகிவிடும். அதுவும் 300 மீட்டர் உயரத்துக்கு மேலே எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று கடலுக்குப் போட்ட அட்டவணை அப்படியே செல்லாது. இதெல்லாம் தெரிந்த பிறகுதான் குளிரைச் சொல்லாமல் மறைப்பதில் என்ன வீரம் இருக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தேன். தாத்தா ஒரு நாளும் மறைத்ததில்லை. குளிர்ந்தால் ஏறிவிட்டார்.

போன மார்கழியில் அதே மலையில் வேலை. இந்தத் தடவை கயிறு என் கையில். கீழே புதுப்பையன், எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவன், உறைபனியில் பள்ளிக்கூடம் நடந்து போனவன். இவனுக்கென்ன குளிரப்போகிறது என்று மிதவையில் எல்லாருக்கும் நினைப்பு, எனக்கும்தான். இருபதாவது நிமிஷம் நாலு இழு வந்தது.

சூப்பர்வைசர் வாட்சைப் பார்த்தார். என்னாச்சு என்று மலையாளத்தில் கேட்டார், “எந்து பற்றி?”

“தணுப்பாணு சாரே”, குளிருது சார் என்று சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தேன்.