காஞ்சொறித் தெரு, எண் 29

புடாபெஸ்டில் 5ஆம் எண் பஸ் பஷரேட்டி சதுக்கத்தோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து மேடேறி நடந்தேன். ஏற ஏற நகரத்தின் இரைச்சல் அடங்கி, பறவைகளின் குரல் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கியது. நான் தேடிப்போனது ச்சலான் தெரு, 29ஆம் எண் வீடு. ச்சலான் என்றால் காஞ்சொறிச் செடி.

1932 முதல், 1940இல் அமெரிக்காவுக்குக் கிளம்பும்வரை ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக் இங்கேதான் குடியிருந்தார். சத்தம் அவருக்கு ஆகவே ஆகாது. இப்போது நினைவு இல்லமாக இருக்கும் அந்த வீட்டின் உள்ளே, திரான்சில்வேனியத் தச்சர் பூ வேலைப்பாட்டோடு செதுக்கிய மேசை நாற்காலிகள். நான் வெகுநேரம் நின்றது அவர் சேகரித்த பூச்சிகளின் முன்னால்தான். ஊசி குத்தி, வரிசை பிசகாமல் அடுக்கிய வண்டுகள். ஊர் ஊராகப் போய் மெழுகு உருளைகளில் குடியானவர்களின் பாட்டைப் பதிவுசெய்த மனிதர் பூச்சிகளையும் இதே பொறுமையோடு கவனித்திருக்கிறார்.

இந்த வீட்டில் வாழ்ந்த நாட்களில், 1936இல், அவர் எழுதியதுதான் 'தந்திகள், தாளவாத்தியங்கள், செலஸ்டாவுக்கான இசை'. செலஸ்டா என்பது சிறு மணிகள்போல் ஒலிக்கும் விசைப்பலகை வாத்தியம். அன்று மாலை அதைக் கேட்க, டான்யூப் கரையோரமாகப் போகும் 2ஆம் எண் டிராமில் மூபா இசை அரங்குக்குப் போனேன்.

தந்திக் கலைஞர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து எதிரெதிரே அமர்ந்திருந்தார்கள். மூன்றாம் பகுதி, மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் சைலஃபோனில் ஒரே ஒரு சுரத்தோடு தொடங்குகிறது. வாசித்தவரின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தட்டு, இடைவெளி, இன்னொரு தட்டு. பிறகு நெருங்கி நெருங்கி விரைந்து, மறுபடி தளர்ந்து நின்றது. அடியில் டிம்பனி என்ற பெரிய முரசு. கால்மிதியை அழுத்த அழுத்த அதன் சுருதி வழுக்கி ஏறியது. தபலா இணையில் இடப்பக்க முரசை உள்ளங்கையால் அழுத்தி இழுக்கும்போது வரும் ஒலியை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகவே இருக்காது. 'இரவிசை' என்று இந்தப் பாணிக்குப் பெயர் வைத்தது எவ்வளவு பொருத்தம்! நவீன இசை புரியாது என்பவர்களிடம் நான் மன்றாடிக் கேட்பதெல்லாம், விளக்கை அணைத்துவிட்டு இந்த ஏழெட்டு நிமிடங்களை மட்டும் கேளுங்கள் என்பதுதான். மெட்டைத் தேடாதீர்கள். இருட்டில் தோட்டத்துப் பக்கம் காதைக் கொடுப்பதுபோல் கேளுங்கள்.

நான்காம் பகுதி துள்ளலான நடனம். அரங்கமே எழுந்து கைதட்டியது.

மறுநாள் அதிகாலையில் மறுபடியும் 5ஆம் எண் பஸ் ஏறினேன். வீடு திறக்க வெகுநேரம் இருந்தது. வேலியோரம் அரை மணி நேரம் நின்று, அந்தத் தோட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.