நோக்கம் யாருக்கு?

போன வாரம் ஹட்டனில் தேயிலைத் தோட்டத்து அக்காமாருக்கு முதலுதவிப் பயிற்சி. ‘பயிற்சியின் முடிவில் பங்குபற்றுநர்கள்...’ என்று முதல் ஸ்லைடில் பயிற்சியின் நோக்கங்கள், ஆறு வரி. நான் வாசித்து முடிப்பதற்குள் முன்வரிசை அக்கா பைக்குள் வெற்றிலையைத் தேடத் தொடங்கிவிட்டார்.

இன்று புதிய குழு. ஸ்லைடை எடுத்துவிட்டேன். “பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிறவரைக் குளவி கொட்டினால் முதலில் என்ன செய்வீங்க?” எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சுண்ணாம்பு பூசலாம் என்றார் ஒருவர். “சரி, பின்னேரத்துக்குள் நீங்களே செய்து காட்டப் போறீங்க” என்றேன். நோக்கத்தைச் சொல்லியாயிற்று!

என்ன செய்யவேண்டும், எந்தச் சூழலில், எவ்வளவு சரியாக என்று, பயிற்சி நோக்கங்களுக்காக 1962இல் அமெரிக்கக் கல்வியியலாளர் ராபர்ட் மேகர் எழுதிய அளவுகோல் எனக்கு வேண்டும். அது இல்லாமல் பயிற்சியைத் திட்டமிடவே மாட்டேன். ஆனால் அது என் குறிப்பேட்டில் இருக்கட்டும். அக்காமாருக்குக் குளவியிலிருந்தே தொடங்குவேன்.