இருமலே தாழ்ப்பாள்

தம்பி மகன் புது வீடு கட்டியிருக்கிறான். போன வாரம் இரண்டு நாள் அங்கே தங்கினேன். "பெரியப்பா, குளிக்கப் போவதற்கு முன் ஐந்து நிமிடம் வாருங்கள், எல்லாவற்றையும் சொல்லித் தருகிறேன்" என்றான். அறுபது வருடமாகக் குளித்துக்கொண்டிருப்பவனுக்கா பாடம்? துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக உள்ளே போய்விட்டேன்.

தாத்தா வீட்டுக் குளியலறை, வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டதுபோலத் தள்ளி நிற்கும். ஒரு தொட்டி, ஒரு குவளை, மேலே வானம். கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே ஆள் இருப்பதற்கு அடையாளம் இருமல்தான். தாத்தாவுக்குச் சளி பிடித்துவிட்டால் போச்சு. அவர் வாசலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்க, நாங்கள் காலிக் குளியலறைக்கு வெளியே சோப்போடு காத்துக்கிடப்போம்.

அப்பா காலத்தில் குளியலறையும் கழிப்பறையும் வீட்டுக்குள் வந்துவிட்டன. நாற்றம் கூடவே வராததற்கு ஒரு வளைந்த குழாய்தான் காரணம். அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் 1775-இல் அந்த வளைவோடு கூடிய கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கினார். வளைவில் தேங்கும் தண்ணீர் நாற்றத்தை வழிமறிக்கிறது, அவ்வளவுதான் சூட்சுமம். வெளியூர் போய்த் திரும்பியதும் அப்பா முதல் வேலையாகக் குளியலறை வடிகாலில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவார். ஏதோ வேண்டுதல் என்றே நினைத்திருந்தேன். காய்ந்துபோன வளைவை நிரப்புகிறார் என்பது மீசை முளைத்த பிறகுதான் புரிந்தது.

ஷவரும் அப்பா வைத்ததுதான். ஓரளவு அழுத்தமாவது வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டி நல்ல உயரத்தில் இருக்க வேண்டும். 10 மீட்டர் உயரத்துக்குத்தான் 1 பார் (அழுத்தத்தின் அலகு) கிடைக்கும். எங்கள் தொட்டியோ கூரைமேல் உட்கார்ந்திருந்தது. ஷவர் அழுதது. கடைசிவரை அதில் துண்டு காயப்போட்டோம்.

சரி, புது வீட்டுக்கு வருகிறேன். கண்ணாடித் தடுப்புக்குள் சுவரில் ஒரே ஒரு கைப்பிடி. குழாய் எங்கே என்று தேடியபடி அதைத் தூக்கினேன். கூரையில் அலங்காரம் என்று நினைத்திருந்த தாம்பாளம் திறந்துகொண்டு கொட்டியது. சட்டையோடு குளிர்ந்த அபிஷேகம். பதறி இடதுபக்கம் திருப்பினேன், வெந்நீர். கீழே அழுத்தினால் நின்றுவிடும் என்பதைக் கண்டுபிடிப்பதற்குள் சட்டை துவைத்தாகிவிட்டது. அதைத் தொங்கவிட ஒரு கொக்கி இருந்ததா? நான்கு சுவரிலும் இல்லை. சுவர் அழகு கெட்டுவிடுமாம்! வாளியும் இல்லை. இதை வரைந்தவர் குளிக்கிறவர்தானா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

ஒருவழியாகத் தலைக்கும் முகத்துக்கும் சோப்புப் போட்டு நிமிர்ந்தேன். விளக்கு அணைந்தது. வெளியே யாரோ வரும் காலடிச் சத்தம். இருட்டு, கண்ணில் எரிச்சல், என்ன செய்வது என்று தெரியாமல் என்னையறியாமல் இருமினேன். தாத்தாவின் இருமல் அப்படியே வந்தது. விளக்கு மதிக்கவில்லை.

"பெரியப்பா, அது தானியங்கி விளக்கு!" என்று கத்தினான் தம்பி மகன். "உடம்புச் சூடு நகர்வதைப் பார்த்துத்தான் எரியும். கண்ணாடிக்குப் பின்னால் நின்றால் அதற்குத் தெரியாது. கண்ணாடிக் கதவைத் திறந்து கையை வெளியே ஆட்டுங்கள்!"

தடவித் திறந்து, ரயிலுக்கு வழியனுப்புவதுபோல ஆட்டினேன். விளக்கு வந்தது. முழங்கை பட்டுத் தாம்பாளமும் திறந்துகொண்டது.