அப்பா ஐசியூவில், நாங்கள் வீட்டில்

நோயாளியைப் பக்கத்தில் இருந்து எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பக்கத்திலேயே போக முடியாதபோது வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது? 2020 இறுதியில் அதைச் சொல்ல யாராவது கிடைக்கமாட்டார்களா என்றுதான் தேடினேன்.

வேறு நோயாக இருந்தால் ஐசியூ வாசலில் உட்காரவாவது ஓர் இடம் இருக்கும். உள்ளே போய் வருகிற நர்ஸின் முகத்தைப் பார்த்தே பாதி விஷயம் தெரிந்துவிடும். அப்போது கொரோனாவில் அதுவும் இல்லை. அப்பாவை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டதோடு சரி. அம்மாவுக்கும் பாசிட்டிவ், ஆனால் லேசான காய்ச்சலோடு நின்றுவிட்டது. எனக்கு நெகட்டிவ் என்றாலும் வெளியே போகக்கூடாது. தம்பி வேறு ஊரில். எங்களுக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருந்தது ஒரு போன் மட்டும்தான்.

இத்தனைக்கும் அப்பாவைப் பார்த்தால் பெரிய நோயாளி மாதிரியே தெரியவில்லை. கட்டிலில் சாய்ந்துகொண்டு பேசிக்கொண்டுதான் இருந்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டுகிற ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால் 86 காட்டியது. மெஷின்தான் கெட்டுப்போயிருக்கும் என்று கழற்றி என் விரலில் மாட்டினேன். 98. திரும்ப அவர் விரலில், 86. வேறு விரலில், 85. “எனக்கு ஒண்ணும் இல்லம்மா, சும்மா பயப்படாதே” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே தம்பி ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டான். மூச்சுத்திணறல் தெரியாமலேயே ஆக்சிஜன் இப்படி இறங்குவது இந்த நோயில் உண்டு என்று பிறகு டாக்டர் சொன்னார்.

மருத்துவமனையிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு போன் வரும், பெரும்பாலும் மாலையில். மற்ற நேரமெல்லாம் அந்த ஒரு போனுக்காகத்தான் இருந்தோம். முதலில் வந்த போன்களில் டாக்டர் என்ன சொன்னாலும் “சரிங்க டாக்டர், சரிங்க டாக்டர்” என்று கேட்டுக்கொண்டு வைத்துவிடுவேன். வைத்ததும் அம்மா என் முகத்தைப் பார்ப்பார். சொல்ல என்னிடம் ஒன்றுமே இருக்காது. தம்பிதான் ஒரு வழி சொன்னான். “அக்கா, கேள்வியை முன்னாடியே எழுதி வச்சுக்கோ. நீ மட்டும்தான் பேசணும். நாங்க யாரும் தனியா போன் பண்ண மாட்டோம்.”

எழுதி வைத்தேன். எவ்வளவு ஆக்சிஜன் கொடுக்கிறார்கள், அதில் அளவு எங்கே நிற்கிறது? சிறுநீர் சரியாகப் போகிறதா? ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க மருந்து தேவைப்படுகிறதா? நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது? நாளைக்குள் எதைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள்? அவ்வளவுதான். முதல் கேள்வியை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் நிறையக் குடும்பங்கள் இங்கேதான் தடுமாறுகின்றன. “92 இருக்கு” என்பது மட்டும் ஒரு செய்தியே இல்லை. நிமிடத்துக்கு 15 லிட்டர் கொடுத்து 92 நிற்பதும், 4 லிட்டரில் 92 நிற்பதும் வேறு வேறு. பிறகு அப்பாவை வென்டிலேட்டரில், அதாவது குழாய் வழியே மூச்சைத் தள்ளும் மெஷினில், வைத்தபோதும் இதே கணக்குதான். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். வென்டிலேட்டரில் 80 சதவீதம் கொடுத்தது 70 ஆனால், மற்ற எண்கள் அப்படியே இருந்தாலும் நல்ல சேதி. இது புரிந்த பிறகுதான் டாக்டரின் போனிலிருந்து எனக்கு ஏதாவது கிடைக்க ஆரம்பித்தது. பயம் குறைந்தது என்று சொல்லமாட்டேன். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குத் தேவையில்லை என்று பிரித்துப் பார்க்க முடிந்தது.

அம்மாவுக்கு இது ஒத்துவரவில்லை. நான் எண்களைச் சொல்ல ஆரம்பித்தாலே காதைப் பொத்திக்கொள்வார். “எனக்கு நம்பரெல்லாம் வேண்டாம். இருக்காரா, அதை மட்டும் சொல்லு.” தம்பிக்கோ அத்தனை எண்ணும் வேண்டும், அதை ஒரு எக்ஸெல் ஷீட்டில் போட்டு கிராஃப் வரைவான். ஒரே வீட்டுக்காரர்கள் ஒரே மாதிரி பயப்படுவார்கள் என்று யார் சொன்னது? அம்மாவுக்கு ஒரு வரி, தம்பிக்கு முழு விவரம். உறவினர் குழுவுக்கு இரவு ஒரே ஒரு மெசேஜ், அதோடு “யாரும் போன் பண்ண வேண்டாம், நாளைக்கு நானே சொல்றேன்” என்று ஒரு வரி. சிலருக்கு வருத்தம்தான். இருக்கட்டும். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லும்போது அந்த நாளை நான் திரும்பத் திரும்ப வாழ வேண்டியிருந்தது. அதற்கு எனக்குத் தெம்பில்லை.

அந்தக் குழுவில் வந்த ஃபார்வர்டுகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். “ஸ்டீராய்டு கொடுத்தா உடனே நிறுத்தச் சொல்லுங்க” என்று ஒன்று வந்தது. தம்பி பதறிப்போய் என்னை அழைத்தான். டாக்டரிடமே கேட்டேன். டெக்ஸாமெத்தசோன் என்ற அந்த ஸ்டீராய்டு பழைய மருந்துதான், ஆனால் 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, வென்டிலேட்டரில் இருப்பவர்களின் இறப்பை அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று காட்டியிருந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. அதனால் யாருக்கு, எப்போது என்பதுதான் கேள்வி. ஐந்து நிமிடம் ஒதுக்கி அந்த டாக்டர் இதை விளக்கினார். அன்றோடு அந்தக் குழுவை மியூட்டில் போட்டேன்.

அப்பாவைக் குப்புறப் படுக்க வைத்திருக்கிறோம் என்று சொன்ன நாள் அம்மாவுக்கு மிக மோசமான நாள். வாயில் குழாய், உணர்வில்லாமல், கவிழ்ந்து கிடக்கிறார் என்று மனதில் படம் ஓடிவிட்டது. “மனுஷனை எதுக்கு இப்படிப் போட்டு வைக்கணும்” என்று ஒரே அழுகை. நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம்தான் இருக்கிறது, மல்லாந்து படுத்தால் அது நசுங்கும், கவிழ்த்தால் விரியும் என்று என் கையை வைத்துக் காட்டினேன். 2013இல் பிரான்ஸில் நடந்த ஓர் ஆய்வில், கடுமையாக நுரையீரல் பாதித்தவர்களைத் தினமும் நெடுநேரம் குப்புறப் படுக்க வைத்தபோது 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 16 சதவீதம், மல்லாந்தே இருந்தவர்களில் சுமார் 33 சதவீதம். அம்மாவுக்கு எண்கள் பிடிக்காது என்றேனே, இந்த இரண்டு எண்ணை மட்டும் அவர் விடாமல் பிடித்துக்கொண்டார்.

இன்னொரு கேள்வி அவரை அரித்துக்கொண்டிருந்தது. “என்கிட்டேயிருந்துதான் அவருக்கு வந்துச்சா?” காய்ச்சல் அம்மாவுக்கு ஒரு நாள் முன்னால் வந்தது, அப்படி நினைக்க அதுதான் காரணம். இதற்கு “அப்படியெல்லாம் இல்லம்மா” என்று சொல்வதால் எந்தப் பயனும் இல்லை, சொல்லிப் பார்த்தாயிற்று. அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்று பரவும், ஒருவருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் வரும், இன்னொருவருக்குப் பதினான்கு நாள் வரைகூட ஆகும், முதலில் யாருக்குக் காய்ச்சல் வந்தது என்பதை வைத்து யாரிடமிருந்து யாருக்கு என்று சொல்லவே முடியாது என்று டாக்டர் அவரிடமே போனில் சொன்னார். அதற்குப் பிறகு அம்மா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மனதிலிருந்து போய்விட்டதா என்று எனக்குத் தெரியாது.

மருத்துவமனையில் குடும்பத்தினரிடம் போனில் பேச ஓர் ஆலோசகர் இருந்தார். “பாசிட்டிவா இருங்க” என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை, அதற்காகவே அவர்மேல் மரியாதை. உலகமே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் சொன்னது வேறு. அப்பா வந்துவிடலாம், வராமலும் போகலாம், இரண்டில் ஒன்றை இன்றே முடிவு செய்தாக வேண்டியதில்லை, இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டு நாளை ஓட்டலாம். இருக்கிறார் என்றும் சொல்ல முடியாமல் இல்லை என்றும் சொல்ல முடியாமல் தவிக்கிற குடும்பங்களைப் பற்றி, வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் வீடுகளிலிருந்து தொடங்கி பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1970களிலேயே ஆராய்ந்திருக்கிறாராம். நம்பிக்கை குறைந்தால் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிடும் என்று நான் உள்ளுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். அந்தப் பாரம் அன்று இறங்கியது.

கவலைக்கென்று ஒரு நேரம் ஒதுக்கச் சொன்னதும் அவர்தான். காலையில் அரை மணி நேரம், அதில் எவ்வளவு மோசமாக வேண்டுமானாலும் யோசிக்கலாம், எழுதலாம், அழலாம். மற்ற நேரத்தில் வந்தால் ‘நாளைக் காலை’ என்று தள்ளிப்போட வேண்டும். கேட்டபோது சிரிப்பு வந்தது. முழுதாக வேலை செய்ததா என்றால் இல்லை, இரவு இரண்டு மணிக்கு வருகிற பயம் டைம்டேபிள் பார்த்து வருவதில்லை. பகலில் ஓரளவு கைகொடுத்தது.

இதற்கு நடுவில் பெரியப்பா போய்விட்டார். அதே நோய், வேறு மருத்துவமனை. அப்பாவுக்கு ஒரே அண்ணன். நேரில் போக முடியாமல் போன் திரையில் பார்த்தோம், நெட் வேறு விட்டு விட்டு வந்தது. பெரியம்மாவைக் கட்டிப்பிடித்து அழக்கூட வழியில்லை. அந்தத் துக்கத்தை அனுபவிக்க இடமே இருக்கவில்லை என்பதுதான் உண்மை, ஏனென்றால் அன்று மாலையும் அப்பாவைப் பற்றிய போன் வந்தது, நான் கேள்விச் சீட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதில் வீடே இரண்டாகப் பிரிந்தது. வீட்டுக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் அம்மா. மறைத்தால் அப்பா நம்மை மன்னிக்கவே மாட்டார் என்றான் தம்பி. எனக்கு இரண்டுமே சரியாகப்பட்டது. அப்போது அப்பா வென்டிலேட்டரிலிருந்து வெளியே வந்திருந்தார், ஆனால் நிதானத்தில் இல்லை. வீடியோ காலில் என்னைப் பார்த்து, “இவங்க என்னைக் கடத்திட்டு வந்திருக்காங்க, போலீஸுக்குச் சொல்லு” என்று கிசுகிசுத்தார். எனக்குக் கையெல்லாம் நடுங்கிவிட்டது. ஐசியூவில் இருப்பவர்களுக்கு, முக்கியமாக வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு, இந்தக் குழப்பம் மிகச் சகஜம் என்றார் நர்ஸ். அவருடைய கண்ணாடி, காது மெஷின், ஒரு கடிகாரம், எங்கள் குரல் பதிவு எல்லாம் அனுப்பச் சொன்னார். பெயர் எழுதி ஒட்டி அனுப்பினோம். அம்மா பேசிய பதிவில் முக்கால்வாசி வீட்டு நிர்வாகம்தான். பில் கட்டியாச்சு, மோட்டார் ரிப்பேர் பார்த்தாச்சு. அதைத்தான் அப்பா திரும்பப் போடச் சொன்னாராம்.

பெரியப்பா விஷயத்தை டாக்டரிடமும் ஆலோசகரிடமும் கேட்டுவிட்டு ஒரு முடிவுக்கு வந்தோம். குழப்பம் தெளியும் வரை நாமாகச் சொல்ல வேண்டாம், தெளிந்த பிறகு அவர் நேராகக் கேட்டால் பொய் சொல்ல வேண்டாம். வார்டுக்கு மாற்றிய பிறகு ஒருநாள் கேட்டார். “அண்ணன் ஏன் ஒரு போன்கூடப் பண்ணல?” பக்கத்தில் நர்ஸ் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு சொன்னேன். ‘தவறிட்டார்’ என்று சுற்றி வளைக்காமல், “பெரியப்பா இறந்துட்டாருப்பா” என்றேன். அப்படிச் சொல்லும்படிதான் ஆலோசகர் சொல்லியிருந்தார், குழப்பத்திலிருந்து வந்தவருக்கு வார்த்தை தெளிவாக இருக்க வேண்டுமாம். கொஞ்ச நேரம் கழித்து அப்பா கேட்டது, “கஷ்டப்பட்டாரா?” எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கடைசி இரண்டு நாளும் மயக்க மருந்தில்தான் இருந்தார். அன்று ஆக்சிஜன் அளவு இறங்குமோ என்று பயந்துகொண்டே இருந்தேன், இறங்கவில்லை.

வீடு திரும்பிய அப்பாவுக்கு நாற்காலியிலிருந்து எழவே இருவர் வேண்டியிருந்தது. அதை எதிர்பார்த்திருந்தோம். நான் எதிர்பார்க்காதது என் உடம்பை. அவர் நடக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் தூக்கம் போனது. போன் அடித்தால் வயிறு சுருங்கும், மாலை நேரமானால் காரணமே இல்லாமல் எரிச்சல். ஐசியூ நோயாளிகளின் குடும்பத்துக்கு மாதக்கணக்கில் இப்படி இருக்கலாம் என்று 2012இலேயே மருத்துவர்கள் அதற்குத் தனிப்பெயர் வைத்துவிட்டார்கள். ரிங்டோனை மாற்றினேன், அதே ஆலோசகரிடம் எனக்காகத் தனியாக நேரம் வாங்கினேன். அம்மாவும் சில தடவை பேசினார், பெரும்பாலும் பெரியப்பாவைப் பற்றி.

அந்த நாட்களில் போன் பேசப் பேச நான் எழுதி வைத்த குறிப்புகளை அப்பா கேட்டு வாங்கிப் படித்தார். தனக்கு நினைவில் இல்லாத நாட்களில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமாம். நர்ஸுகளே நோயாளிக்காக இப்படி டைரி எழுதிவைப்பது ஸ்காண்டிநேவிய நாடுகளில் பல வருடப் பழக்கம் என்று ஆலோசகர் சொன்னார், யாருக்காவது தேவைப்பட்டால் முதல் நாளிலிருந்தே எழுதுங்கள். கடத்தல் கதையைப் படித்துவிட்டு அப்பா, “அதெல்லாம் நான் சொல்லியிருக்க மாட்டேன்” என்று இன்றுவரை சாதிக்கிறார்.

தம்பி மட்டும் இன்னும் யாரிடமும் பேசவில்லை. கேட்டால் “எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்” என்கிறான். அந்த எக்ஸெல் ஷீட்டை இன்னும் அழிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். வற்புறுத்தவில்லை. ஆலோசகரின் நம்பரை மட்டும் அனுப்பி வைத்திருக்கிறேன்.