அரும்பு என்று எழுதினேன்

“இவங்க ரெண்டு பேர்ல யார் சார் வாசிச்சது?” என்று அந்த டீச்சர் கேட்டார். பையன் வாசித்தான், அந்தப் பெண் இன்னும் வாசிக்கவில்லை என்றேன். பதிவுத்தாளில் அவளுக்கு அரும்பு (தொடக்க நிலை), அவனுக்கு மொட்டு (அதற்கு அடுத்த நிலை) என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஆசிரியர் பயிற்றுநராக எனக்குச் சொல்லித் தரப்பட்டதும், பயிற்சிகளில் நான் பிறருக்குச் சொல்லித் தருவதும் அதுதான். என் பதில் தப்பு என்று இன்றும் தோன்றவில்லை. டீச்சர் கேட்டதற்கு அது பதில்தானா என்பதில்தான் சந்தேகம்.

நடந்தது இவ்வளவுதான். மூன்றாம் வகுப்பு. ஒரு பக்கக் கதை, மேலே படம். அந்தப் பெண் வரியில் விரல் வைத்துத் தொடங்கினாள். தாளில் இருந்தது, “பாட்டி வீட்டிற்குச் சென்றாள்.” அவள் வாசித்தது, “பாட்டி வீட்டுக்குப் போனா.” கொஞ்சமும் தடங்கல் இல்லை. யாருக்கோ கதை சொல்கிற குரல். விரலும் சொல் விட்டுச் சொல் ஒழுங்காகத்தான் நகர்ந்தது. ‘சென்றாள்’ மேல் விரல் நிற்கும்போதுதான் வாய் ‘போனா’ என்றது. நான் நிறுத்தி, அந்தச் சொல்லை மட்டும் காட்டி, “இது எந்த எழுத்துல ஆரம்பிக்குது?” என்றேன். “செ” என்றாள். “சரி, அப்ப முழுசா என்ன?” என்றேன். “செ…” என்று இழுத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். “போனா” என்றாள்.

அடுத்து பையன். செங்கல் சூளை வேலைக்கு வெளிமாநிலத்திலிருந்து வந்த குடும்பம், வீட்டில் தமிழ் கிடையாது. அவன் எழுத்தெழுத்தாகக் கூட்டினான். கொம்பு, கால் எதுவும் பிசகவில்லை. ‘சென்றாள்’ என்பதன் கடைசி ‘ள்’ வரை நாக்கை மடித்துச் சொன்னான். “யார் போனாங்க?” என்று கேட்டேன். முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப வாசித்தான். தாளைக் கவிழ்த்துவிட்டுக் கேட்டேன். ஒன்றும் பேசவில்லை. கையைத் தாளின் மேல் வைத்தபடி, திருப்பலாமா என்று கேட்பதுபோல் டீச்சரைப் பார்த்தான்.

அப்போதுதான் டீச்சர் அந்தக் கேள்வியைக் கேட்டார். என்னைவிட அனுபவத்தில் மூத்தவர். குரலில் குத்தல் இல்லை, அவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது.

குழந்தை வாசிக்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் அது என்ன சொன்னது என்று குறித்துக்கொள்வது என் பழக்கம். நியூசிலாந்தின் மேரி கிளே உருவாக்கிய முறை இது. சரியாக வாசித்தால் ஒரு டிக், மாற்றி வாசித்தால் மாற்றியதை அப்படியே எழுத வேண்டும். பிறகு ஒவ்வொரு மாற்றத்தையும் மூன்று விதமாகப் பார்க்க வேண்டும். பொருள் பொருந்துகிறதா, வாக்கியத்தில் ஒட்டுகிறதா, எழுத்தோடு ஒத்துப்போகிறதா? ‘போனா’வுக்கு முதல் இரண்டும் பொருந்தின, மூன்றாவது பொருந்தவில்லை. பையனின் தாளில் வெறும் டிக். அவன் எதையும் மாற்றி வாசிக்கவே இல்லை. மாற்றி வாசிப்பதற்கும் மொழி வேண்டும் என்பது அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அரும்பு என்று எழுதியதற்குக் காரணம் இருந்தது. 1960களில் அமெரிக்காவில் கென்னத் குட்மன், பொருள் கெடாமல் மாற்றி வாசிப்பதைப் பிழை என்று சொல்லக்கூடாது, நல்ல வாசகர்கள் ஊகித்துத்தான் போகிறார்கள் என்று வாதிட்டார். அழகான வாதம். அதை நம்பிப் பல நாடுகளில் பாடத்திட்டங்களே மாறின. ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள் வேறு விதமாகச் சொன்னன. தேர்ந்த வாசகரின் கண் பெரும்பாலான சொற்களில் பதிகிறது. எழுத்து கைகொடுக்காதபோதுதான் சூழலைப் பிடித்துக்கொண்டு ஊகிக்கிறார்கள் என்று 1980இல் கீத் ஸ்டானோவிச் எழுதினார். நான் வகுப்புகளில் பார்த்ததும் அப்படித்தான். மூன்றாம் வகுப்பு வரை படமும் பழகிய கதையும் இருப்பதால் ஊகித்துப் படிக்கும் குழந்தை நன்றாகவே ஓட்டிவிடும். அப்புறம் அறிவியல் பாடத்தில் ‘ஒளிச்சேர்க்கை’ வரும். படம் உதவாது, பாட்டி கதை உதவாது. அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாகத்தான் பிடிக்க முடியும். அங்கே நின்றுபோன பிள்ளைகளை ஐந்தாம் வகுப்பில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அதற்குள் வெட்கம் வந்துவிடுகிறது, எழுத்துக்குத் திரும்பிப் போகச் சம்மதிப்பதில்லை. இந்தப் பெண்ணுக்கு அது நேரக்கூடாது என்றுதான் அரும்பு என்று எழுதினேன். இதை இப்போதும் உறுதியாகச் சொல்வேன்.

உறுதி செய்துகொள்ள இன்னொன்றும் செய்தேன். பொருளே இல்லாத ஒரு சொல்லைத் தாளின் ஓரத்தில் எழுதினேன்: ‘மடுபி’. எழுத்து தெரிந்த குழந்தை அதைத் தயங்காமல் வாசிக்கும். பையன் வாசித்தான். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு “மாடு” என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. டீச்சருக்கு இல்லை. “இல்லாத வார்த்தையை எதுக்கு சார் படிக்கணும்? எழுதியிருந்தா அதுல ஏதோ சேதி இருக்கும்னு அவ நெனைக்கிறா. அது தப்பா?” என்றார்.

தப்பில்லை. அச்சில் இருப்பது தன்னிடம் எதையோ சொல்கிறது என்ற நம்பிக்கைதான் வாசிப்பின் பாதி. அந்த நம்பிக்கை வராமலே பத்தாம் வகுப்பு முடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நான் அன்று அதைச் சொல்லவில்லை. “இது எழுத்தறிவைச் சோதிக்கிற முறை டீச்சர்” என்று மட்டும் சொன்னேன்.

அவர் சொன்ன இன்னொன்றை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். “அவளுக்குத் தெரியுது சார், வாய்ல வரல.” முதலில் இதை ஒரு தாயின் பரிவு மாதிரி எடுத்துக்கொண்டேன். பிறகு அந்தச் சொல்லைத் தனியே எழுதி வைத்துப் பார்த்தேன். சென்றாள். கண்ணில் முதலில் படுவது கொம்பு, ஆனால் ஒலிக்க வேண்டியது ச. அந்த ச ஒரு சொல்லில் ஒரு மாதிரி, ‘பச்சை’யில் வேறு மாதிரி, ‘மஞ்சள்’ என்றால் இன்னொரு மாதிரி ஒலிக்கும். அடுத்து ன்ற. நம் பேச்சில் இந்தக் கூட்டு அநேகமாக இல்லை. ஒன்று ஒண்ணாகிவிட்டது, மூன்று மூணாகிவிட்டது, கன்று கன்னுக்குட்டியாகிவிட்டது. கடைசி ள் வாயைத் திறந்தபடியே விட்டுப் போய்விடுகிறது. எல்லாவற்றுக்கும் மேல், அவள் வீட்டில், தெருவில், பள்ளியில் யாரும் யாரைப் பற்றியும் ‘சென்றாள்’ என்று சொல்வதில்லை. எழுத்தைக் கூட்டினால் வரும் ஒலி, காதில் கேட்ட எந்தச் சொல்லோடும் சேராதபோது ‘சரியாத்தான் படிச்சேனா?’ என்று குழந்தை எதை வைத்துச் சரிபார்க்கும்? ‘படம்’, ‘பட்டம்’ என்று ட, ப, ம வைத்துத் தொடங்கும்போது இந்தச் சிக்கல் வருவதில்லை. அந்தச் சொற்கள் காதிலும் இருக்கின்றன.

அப்படியானால் அவள் ‘சென்றாள்’ என்று வாசித்து, அதைத் தன் பேச்சுக்கு மாற்றி ‘போனா’ என்று சொன்னாளா? நம்மில் பலர் ஒரு செய்தியைப் படித்துவிட்டு அடுத்தவருக்குச் சொல்லும்போது அதைத்தானே செய்கிறோம்? அல்லது வீட்டிற்குச் என்பது வரை வந்துவிட்டு, மீதியை ஊகித்தாளா? ‘மடுபி’யை ‘மாடு’ என்றதைப் பார்த்தால் ஊகம்தான் என்று படுகிறது. ‘செ’ என்று தயங்காமல் சொன்னதைப் பார்த்தால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டும் கலந்திருக்கலாம். கன்னடக் குழந்தைகளைப் பற்றி சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்து வரிசை முழுவதும் கைவசமாக நான்காம் வகுப்புவரைகூட ஆகிறது என்று காட்டியிருந்தார். நமக்கு 247. மூன்றாம் வகுப்பில் பாதி எழுத்தும் பாதி ஊகமுமாக நிற்பது நோய் இல்லை, வழியில் ஓரிடம். பதிவுத்தாளில் அந்த இடத்துக்குப் பெயர் எழுத இடமில்லை, அவ்வளவுதான்.

பையன் விஷயம் வேறு. பயிற்சிகளில் நான் கரும்பலகையில் எழுதும் ஒரு கணக்கு உண்டு. 1986இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்னது. எழுத்தைச் சொல்லாக்கும் திறன் ஒன்று, கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் ஒன்று, வாசிப்பு என்பது இரண்டின் பெருக்கற்பலன். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று சுழியமானால் விடையும் சுழியம். இதைச் சொல்லும்போது எல்லா ஆசிரியர்களும் தலையாட்டுவார்கள். நானே எழுதி, நானே விளக்கிய கணக்கு. அதன்படி பார்த்தால் பையனின் விடை என்ன? அவன் வந்து சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் இவ்வளவு எழுத்தையும் பிடித்துவிட்டான் என்பது சாதாரணக் காரியம் இல்லை, டீச்சர் முறையாகச் சொல்லிக்கொடுத்ததற்கு அதைவிடச் சான்று வேண்டாம். மத்திய அரசின் அடிப்படை எழுத்தறிவுத் திட்டமான நிபுண் பாரத் மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொல் என்கிறது, பொருள் புரிந்து என்ற சொற்களோடு சேர்த்து. ‘வீட்டிலிருந்துதான்’ என்பதெல்லாம் ஒரே சொல்லாக இருக்கிற நம் மொழியில் 60 என்பது கனமான எண். ஆனாலும் அவன் பழகிய வேகத்தைப் பார்த்தால் பையன் அதையும் எட்டிவிடுவான் என்றே தோன்றியது. சேர்த்துச் சொன்ன அந்த இரண்டு சொற்களைத்தான் வேகத்தை எண்ணும்போது நாம் தவறவிடுகிறோம்.

இந்த இரண்டு தாள்களையும், பெயரை மறைத்து, அதற்குப் பிறகு பயிற்சிகளுக்கு எடுத்துப்போகிறேன். யாரை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டால் அறை இரண்டாகப் பிரிகிறது. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் என் பக்கம். பல வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவர்கள் பெண்ணுக்காகச் சண்டை போடுகிறார்கள். “அவ கையில புத்தகம் இருக்கு சார், அதைப் பிடுங்கிட்டு எழுத்து அட்டையைக் கொடுத்தா எப்படி?” என்று ஒருவர் கேட்டார். பிடுங்க வேண்டியதில்லை, இரண்டும் கொடுக்கலாம் என்றேன். சொல்லும்போதே, ஒரே ஆசிரியர் மூன்று வகுப்பையும் சேர்த்து வைத்துக்கொண்டு இரண்டையும் எப்படிக் கொடுப்பார் என்று எனக்கே உள்ளூரத் தெரிந்தது. அந்தச் சண்டைகளில் ஒருமுறைகூட யாரும் பையனைப் பற்றி வாய் திறந்ததில்லை. டிக் நிறைந்த தாளைப் பார்த்து, நன்றாக வாசிக்கிறான் என்று அடுத்த தாளுக்குப் போய்விடுகிறார்கள்.

மறுமுறை அந்தப் பள்ளிக்குப் போனபோது டீச்சர் அவர்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். அவன் எழுத்துக் கூட்டி வாசிக்கிறான், அவள் அதைக் கதையாகச் சொல்கிறாள், அவன் கேட்கிறான். எனக்கு அது பிடிக்கவில்லை, சொன்னேன். அவன் வாசித்துக் கொடுத்துவிட்டால் அவளுக்கு எழுத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இராது. “இருக்கட்டும் சார், அவன் இப்ப பேசறான்” என்றார். பேசத்தான் செய்தான். படத்தைக் காட்டி “பாட்டி போனா” என்றான், அவள் சொன்ன அதே ராகத்தில். பெண்ணின் எழுத்துப் பயிற்சிக்குத் தனியாக நேரம் ஒதுக்கும்படி கேட்டுக்கொண்டேன். சரி என்றார், ஒதுக்கியும் கொடுத்தார்.

சூளை வேலை முடிந்து பையனின் குடும்பம் ஊர் திரும்பிவிட்டது. அந்த ஏற்பாடு அவனுக்கு எவ்வளவு தூரம் உதவியிருக்கும் என்று பார்க்க எனக்கு வாய்க்கவில்லை. பெண் இப்போது மொட்டில் இருக்கிறாள். ‘சென்றாள்’ என்று தெளிவாக வாசிக்கிறாள், ‘மடுபி’ போன்றவற்றையும் வாசித்துவிடுகிறாள். முன்பு அலமாரியிலிருந்து தானாகப் புத்தகம் எடுத்துக்கொண்டு மூலையில் உட்காருவாளாம், அது இப்போது குறைந்திருக்கிறது என்று டீச்சர் சொல்கிறார். பையன் போனதால் இருக்கலாம், என் அரும்பால் இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். எழுத்தில் கவனம் போகிற காலத்தில் இப்படி ஆவது வழக்கம், கொஞ்சம் வேகம் பிடித்தால் மறுபடி எடுப்பாள் என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன். சில குழந்தைகளிடம் அப்படி நடந்து பார்த்தும் இருக்கிறேன். அலமாரியில் பழைய கதைகளோடு, அவள் இதுவரை கேட்டிராத சில புதிய கதைகளையும் வைக்கும்படி கேட்டிருக்கிறேன்.